மார்டள்ளியிலிருந்து வந்த ஒரு மூட்டை ராகி

கோயில் மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று காகிதத்தையும் பேனாவையும் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் படித்தது ஐந்தாம் கிளாஸ். அதற்குப் பிறகு பால்காரருக்குச் சீட்டு எழுதினதைத் தவிர வேறு எழுத்து என் கைக்கு வந்ததில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போது கலங்கிப் போகிறது. ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்று கால் கடுத்தவர்கள்தானே நீங்களும். நான் தடுக்கி விழுகிற இடத்தில் நீங்களே என்னைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்.

என்னை எழுத வைத்தது எங்கள் வீட்டு பிரிட்ஜ். மைசூர் விஜயநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அக்காவும் என்னோடுதான் இருக்கிறாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். போன மாதம் மருமகள் பிரிட்ஜ் கதவில் ஒரு பெரிய தாளை ஒட்டினாள். எந்தக் கிழமை என்ன சமையல் என்று கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது. இப்படித் திட்டம் போட்டுச் சமைத்தால் வீண் ஆகாதாம், செலவு பாதியாகக் குறையுமாம், கிழவிகள் எங்கள் இரண்டு பேருக்கும் சர்க்கரையும் குறையுமாம். வாரத்தில் பாதி நாள் ராகி. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள் முழுவதும் படித்தாள். "அப்பா திரும்பி வந்துட்டார்டீ" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அடங்காத எரிச்சல் ஒன்று உண்டென்றால் அது எனக்கு அந்த ராகி மேல்தான்.

நாடு சுதந்திரமாகிச் சில வருஷம்தான் ஆகியிருக்கும். மைசூரில் ஒரு வடாரத்தில் குடியிருந்தோம். வடாரம் என்றால் உங்களுக்குத் தெரியும், நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய். அப்பா ஒரு பெரிய பட்டறையில் ஸ்டோர் கிளார்க். போல்ட்டு, திருகாணி, கிரீஸ் டப்பா எல்லாம் அவர் பொறுப்பு. யார் எதைக் கேட்டாலும் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் அப்பா எடுத்துக் கொடுப்பார். அந்தச் சீட்டுக்கு இண்டெண்ட் என்று பெயர். அவர் எடுத்துக் கொடுப்பதற்கு இஷ்யூ என்று பெயர். இரண்டு வார்த்தையும் எங்களுக்கு "பரமண்டலங்களில் இருக்கிற" மந்திரத்துக்கு முன்பே தெரியும்.

அரிசி கிடைக்காத காலம் அது. ரேஷனில் அரிசி கொஞ்சம் போடுவார்கள், மிச்சத்துக்கு ராகியை அளந்து போடுவார்கள். அரிசியைக் குறையுங்கள், கிழங்கு தின்னுங்கள் என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப் போயிற்று. விபூதிப் புதனன்று தபசு காலம் தொடங்கியதும் வழக்கம் போல் எங்கள் வீட்டில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் வந்தன. கறி இல்லை, மீன் இல்லை, பெரியவர்களுக்கு ஒரு வேளைதான் வயிறு நிறையச் சாப்பாடு. அந்த மாதம் அப்பா கையில் கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சியதைப் பார்த்ததும் அவருக்குக் கண் திறந்துவிட்டது. பாஸ்கா வந்தது, கோயில் மணி எல்லாம் அடித்தது, ஆண்டவர் உயிர்த்தெழுந்தார். எங்கள் வீட்டில் மட்டும் தபசு காலம் எழுந்திருக்கவே இல்லை.

எல்லாம் அக்கா கல்யாணத்துக்கு என்றார் அப்பா. அதைச் சொல்லிவிட்டால் யார் எதிர்த்துப் பேச முடியும்?

எங்கள் அடுப்படியில் கம்பி வலை போட்ட ஒரு அலமாரி இருந்தது. பூனைக்குப் பயந்து செய்த அலமாரி. அதற்கு அப்பா பூட்டுப் போட்டார். சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். அவர் கீழே உட்காரும்போதெல்லாம் அது தரையில் இடித்து டிக் என்று சத்தம் போடும். இன்றைக்கும் எங்கேயாவது சாவி விழுந்தால் எனக்கு முதலில் பசிக்கும். அலமாரிக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் ஏழு கிழமையும் எழுதி, திங்கள், புதன், சனி மூன்று நாளும் களி என்று போட்டார். காலையில் வேலைக்குப் போகும் முன் அன்றைய சாமானை அளந்து முறத்தில் வைப்பார். அரிசிக்குப் பாவு என்கிற பித்தளைப் படி, பருப்புக்கு ஒரு டம்ளர், எண்ணெய்க்கு ஒரு மருந்துக் குப்பி. அம்மா எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

"நான் என்ன உங்க பட்டறை பிட்டரா?" என்பாள் அம்மா.

"பிட்டர் இவ்வளவு கேள்வி கேக்கமாட்டான்" என்பார் அப்பா.

ஒரு நாள் ரசத்துக்குப் புளி போதவில்லை என்று அம்மா பட்டறைக்கே என்னை அனுப்பினாள். நான் கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொல்ல முடியாமல் அழுதேன். அப்பா வந்து, புளிக்கு நாளைக்கு இண்டெண்ட் போடச் சொல் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு ரசம் வெந்நீர் மாதிரி இருந்தது. அம்மா அதை அப்பாவுக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடவே ஊற்றினாள்.

அப்பாவின் கணக்குக்கு அடங்காதது ஒன்றே ஒன்றுதான், அம்மா வளர்த்த கோழி. முட்டையை எங்கே எழுதுவது என்று அப்பா யோசித்துப் பார்த்தார். கோழி இண்டெண்ட் பார்த்து முட்டை போடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். முட்டைகளை ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் தவிட்டில் புதைத்து வைத்திருப்பாள்.

களியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் களி தின்னத் தெரியாது. அம்மா கிண்டினால் கட்டி கட்டியாக நிற்கும். கட்டிக்குள் மாவு வேகாமல் வெள்ளையாக இருக்கும். நாங்கள் அதைச் சோறு மாதிரி மென்று தொலைப்போம். பல்லெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மெல்லக் கூடாது, சாற்றில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டுமாம். விழுங்கிப் பார்த்தேன். தொண்டையில் நின்றுகொண்டது. முதுகில் குத்தி இறக்கினார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது அக்காவுக்கு ஒரு இடம் வந்தது.

மாப்பிள்ளை ஒரு வாத்தியார். மைசூரில்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சொந்த ஊர் மார்டள்ளி. அந்தப் பக்கம் நம் கத்தோலிக்கச் சனங்கள் நிறைய. எல்லாம் காடு கழனி வைத்திருக்கிறவர்கள். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆர்மோனியம் வாசிப்பார். அக்கா பாட்டுக் கூட்டத்தில் பாடுவாள். அக்காவை இடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன், அதனால் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பாட்டுத் தாளைக் கொத்தாகத் தள்ளிவிடுவார். அக்காவுக்கு மட்டும் தனியாக எடுத்து, எழுத்து அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி நீட்டுவார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினவர்கள் இல்லை. ஆனால் சனிக்கிழமையானால் அக்கா தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு, களியைக்கூட முகம் சுளிக்காமல் தின்பாள்.

பங்குச் சாமியார்தான் இரண்டு பக்கமும் பேசினார். வாத்தியாரின் அப்பாவும் அம்மாவும் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பஸ் பிடித்துக் கொள்ளேகால் வந்து அங்கிருந்து இன்னொரு பஸ். சனிக்கிழமை மத்தியானம் வந்து சேருவார்கள்.

சனிக்கிழமை களி நாள்.

அம்மா முன்னாடியே கேட்டாள். அரிசி இஷ்யூ பண்ணுங்கள், அடுத்த வாரம் முழுக்க நாங்கள் களி தின்கிறோம் என்று கெஞ்சினாள். அப்பா கதவைத் திறந்து சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தார், அது என்னவோ மோசேக்கு ஆண்டவர் மலையில் கொடுத்த பலகை மாதிரி. ஒரு நாள் மீறினால் மாசமே குலைந்துவிடும் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. அதற்கு மேல் ஒரு நியாயமும் கண்டுபிடித்தார்.

"அவங்க யாரு? ராகி வெளையற ஊரு. ராகி திங்கறவங்க. அவங்களுக்கு நாம அரிசியை வடிச்சுப் போட்டு என்ன பெருமை? சொந்த வீட்டுல சாப்பிட்ட மாதிரி இருக்கும்."

"ராகி திங்கறவங்க வீட்டுக்குப் போனா நமக்கு என்ன போடுவாங்க, தெரியுமா உங்களுக்கு? சோறு போடுவாங்க. தாங்க தின்னாம எடுத்து வச்சுப் போடுவாங்க. விருந்துன்னா சோறு."

"அது வீண் செலவு" என்றார் அப்பா.

அம்மா முற்றத்தில் போய் நின்றுகொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு, "நெண்டரிகெ முத்தே படஸ்தாரா?" என்று மூக்கில் விரலை வைத்தாள். உறவுக்காரர் வந்தால் யாராவது களியைப் பரிமாறுவார்களா என்று அவளுக்கு ஆச்சரியம். தன் வீட்டு அரிசியிலிருந்து ஒரு சொம்பு அளந்து கொடுத்தாள். அம்மா அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ஏதோ திருடின பொருளைப் போல், தன் வீட்டு அடுப்படிக்குள்ளேயே பதுங்கிப் பதுங்கிக் கொண்டுவந்தாள். அந்த நடை என் கண்ணிலேயே நிற்கிறது. சொந்த வீட்டில் சோறு வடிக்க ஒரு பொம்பளை அப்படி நடக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வந்தது. அப்பா கண்ணுக்காக அம்மா களி கிண்டினாள், விருந்தாளிகளுக்குச் சோறு வடித்தாள். தவிட்டிலிருந்த முட்டையெல்லாம் எடுத்துக் குழம்பு வைத்தாள். அந்த வெங்காயம் வதங்கிய வாசனைக்கு வடாரமே அடுப்படி பக்கம் திரும்பியது. அக்கா மாங்காய்ப் பச்சை நிறப் புடவை கட்டியிருந்தாள்.

வாத்தியாரின் அப்பா அதிகம் பேசாத மனுஷர். துண்டை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாரின் அம்மா நல்ல உயரம், வெயிலில் காய்ந்த முகம். மார்டள்ளி அம்மா என்றே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தார். குனிந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இலை போட்டாயிற்று. வாழை இலை. வாழை இலை போட்டால் சோறு வருகிறது என்று அர்த்தம், இது எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா சோற்றுப் பானையை ஆவி பறக்க எடுத்துக்கொண்டு வந்தாள். நானும் அக்காவும் கதவோரம் நின்றிருந்தோம். அப்பா பானையைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு, ஸ்டோரில் கணக்கில் இல்லாத சாமானைக் கண்டவர் முகம்.

"இன்னைக்கு சனிக்கிழமை" என்றார் மெதுவாக.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் வீடு எவ்வளவு பெரிய வீடு? எல்லோர் காதிலும் விழுந்தது. பிறகு அவரே விருந்தாளிகள் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டில் எல்லாம் ஒரு பிளான்படி நடக்கும், நீங்களும் ராகி சாப்பிடுகிறவர்கள், வேற்று வீடு மாதிரி இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் களி செய்யச் சொன்னேன் என்று பெருமையாகச் சொன்னார். எழுந்து போய்த் தானே களிச் சட்டியை எடுத்து வந்து வாழை இலையில் ஆளுக்கொரு உருண்டை வைத்தார். அம்மா சோற்றுப் பானையோடு அப்படியே திரும்பி உள்ளே போனாள்.

போடாமலே இருந்திருக்கலாம். கொண்டுவந்து காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போனதுதான்... இப்போது எழுதும்போதும் எனக்கு முதுகு கூசுகிறது. அப்பாவை எழுப்பி உட்கார வைத்துக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது, உங்களுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று.

மார்டள்ளி அம்மா பானை உள்ளே போவதைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். முட்டைக் குழம்பில் களியைப் புரட்டி, மெல்லாமல் விழுங்கினார். ஒரு உருண்டை முடிந்ததும் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நல்லாருக்குதுங்க. ஊட்டுல திங்கறாப்பலயே இருக்குது" என்றார்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். உள்ளே அடுப்பருகில் நின்ற அம்மாவுக்கு அது ஊசியாக இறங்கியது. என்ன குத்தல் பார் என்று என் காதோடு சொன்னாள்.

கை கழுவின பிறகு மார்டள்ளி அம்மா அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்போது அம்மா உள்ளேயே இருந்துவிட்டாள், வெட்கத்தில் வெளியே வரவில்லை. நான்தான் அங்கே இருந்தேன்.

"அம்மிணி, நீயி களி கிண்டுவியா?"

"கிண்டுவேங்க. கட்டி விழும்."

மார்டள்ளி அம்மா அக்காவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். "உழுந்தா உழுந்துட்டுப் போவுது. முழுங்குனா கட்டி ஏது, களி ஏது."

நான் இதை அம்மாவிடம் சொன்னேன். சின்னப் பிள்ளை சொன்னால் யார் கேட்கிறார்கள்? அவர்கள் பஸ்ஸுக்குப் போனதும் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. அரிசி எங்கிருந்து வந்தது என்பதுதான் அப்பாவின் கேள்வி. பக்கத்து வீட்டில் கடன் வாங்கி மானத்தை வாங்கிவிட்டாய் என்றார். மானம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா சோற்றுப் பானையை எடுத்து வந்தாள். அந்தச் சோற்றை எங்களுக்குப் போட்டாள். நல்ல சன்ன அரிசி. ஆனாலும் அன்றைக்குத்தான் சோறு களி மாதிரி தொண்டையில் நின்றது.

அப்புறம் காத்திருந்தோம். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம் வாசித்தார். தாளை அக்கா பக்கம் திருப்பித்தான் நீட்டினார். அவர் பக்கத்திலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. சாமியாருக்கு அந்தச் சமயம் வேறு ஊருக்கு மாற்றல் ஆகிப் போய்விட்டது, கேட்டுச் சொல்ல நடுவில் ஆள் இல்லை.

முதல் மழை பெய்து முற்றம் சேறாகக் கிடந்த ஒரு காலையில், மார்க்கெட்டுக்குச் சாமான் ஏற்றி வந்த ஒரு ஆள் எங்கள் வாசலில் ஒரு மூட்டையை இறக்கினான். மார்டள்ளியிலிருந்து வாத்தியாரின் அப்பா கொடுக்கச் சொன்னார் என்றான். வேறு ஏதாவது சொன்னார்களா என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்கம்மா. ராகிதானுங். குழி ராகி" என்று சொல்லிவிட்டு, வண்டி நிற்கிறது என்று ஓடிவிட்டான்.

அம்மா மூட்டையின் வாயைப் பிரித்தாள். அந்த வாசனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரேஷன் ராகியின் வாசனை இல்லை. மண் வாசனை, பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே அப்படி ஒரு புழுக்கம், வைக்கோல் மக்கின மாதிரி. ராகி கறுத்திருந்தது. அம்மா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பக் கொட்டினாள்.

"எத்தனை வருஷத்துப் பழசோ. நம்ம மூஞ்சிக்கு இதுதான்னு குழியைச் சுரண்டி அனுப்பியிருக்காங்க. களி போட்டீங்கல்ல, இந்தாங்க, தின்னுங்கன்னு" என்றாள்.

அப்பா அப்படி நினைக்கவில்லை. அவர் எதையாவது நினைத்திருந்தால்தானே. நல்ல மனுஷர்கள் என்றார். மூட்டையை எடை போட்டுப் பார்த்தார். அலமாரிக் கதவைத் திறந்து செவ்வாய்க்கிழமையையும் அழித்துக் களி என்று எழுதினார்.

அப்படியானால் நாம் போய்ப் பார்க்கலாமே என்று யாராவது சொல்ல வேண்டுமா இல்லையா? பெண் வீட்டுக்காரர்கள் முதலில் போனால் கௌரவம் என்னாவது என்றார் அப்பா. எந்த முகத்தோடு போவது என்றாள் அம்மா. இரண்டு பேரும் ஒருநாளும் எதிலும் ஒத்துப்போனவர்கள் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். பேஜார் என்பார்களே கன்னடத்தில், அந்த வார்த்தைக்கு முழு அர்த்தமும் எனக்கு எங்கள் வீட்டில்தான் தெரிந்தது.

அக்கா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். ராகியைக் கழுவி வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையால் பரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"ஏம்மா, வேண்டாம்னு நெனைக்கறவங்க இவ்வளவு தூரம் சுமக்க வச்சு அனுப்புவாங்களா?"

"நீ சும்னே இரு. உனக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா.

அக்கா சும்மா இருந்தாள். அன்றைக்குச் சும்மா இருந்தவள்தான்.

அந்த ராகி மழைக்காலம் முழுவதும் வந்தது. மாவாக அரைத்துக் கிண்டினால் அந்தப் புழுக்க வாசனை போய்விடும். சொல்லப்போனால் கட்டியே விழவில்லை. மெழுகு மாதிரி திரண்டு வந்தது. முதல் முறையாக நானும் மெல்லாமல் விழுங்கினேன். ரேஷன் ராகிக்கும் இதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று யாரும் யோசிக்கவில்லை. அம்மா கிண்டக் கற்றுக்கொண்டாள் என்று அப்பா சொன்னார். அம்மா துடுப்பைச் சட்டி விளிம்பில் ஓங்கித் தட்டினாள்.

அம்மாவும் அப்பாவும் சாமியாரும் கேட்டுச் சொல்லாத முடிவை ஓலை சொன்னது. கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாப்பிள்ளை, பெண் பெயர்களைச் சொல்லி ஓலை வாசிப்பார்களே, அதைச் சொல்கிறேன். மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் முடிந்ததும் புதுச் சாமியார் ஓலை வாசித்தார். வாத்தியார் பெயர் வந்தது. அவர் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் பெயரும் கூடவே வந்தது. வாத்தியார் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த பாட்டு வந்தது. அவர் வாசித்தார், அக்கா பாடினாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. என் கையை மட்டும் பிடித்திருந்தாள். மோதிர விரலின் நகம் என் உள்ளங்கையில் பதிந்து, வீட்டுக்கு வந்தும் அந்தத் தடம் போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் பாட்டுக் கூட்டத்துக்குப் போகவில்லை. நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டாள். வந்த இடங்களையெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டாள்.

அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பாவிடம் கையை நீட்டினாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்க்க முடியாமல் திணறினார், முடிச்சு இறுகிப் போயிருந்தது. அம்மா அரிவாள்மனையைக் கொண்டுவந்து கயிற்றையே அறுத்து எடுத்துக்கொண்டாள். அலமாரியைத் திறந்து ஈரத் துணியால் சாக்பீஸ் எழுத்தைத் துடைத்தாள். துடைத்து என்ன? கல்யாணத்துக்கு என்று பிடித்த மிச்சம் இருந்தது, கல்யாணம்தான் இல்லை. அந்தப் பணத்தில் அப்பா ஒரு சைக்கிள் வாங்கினார். அதில் நான் ஒரு நாளும் ஏறவில்லை. மார்க்கெட் வாசலில் அது திருட்டுப் போனபோது அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

இவ்வளவையும் நான் ஓரமாக ஒதுக்கித்தான் வைத்திருந்தேன். போன வருஷம் மகனோடு வேலை செய்கிறவர் வீட்டுக் கல்யாணம். இப்போதெல்லாம் கல்யாணத்தில் களியும் வைக்கிறார்களே, பெரிய மனுஷர்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். அப்பா இருந்திருந்தால் பார்த்தாயா என்று கேட்டிருப்பார். என் பக்கத்து நாற்காலியில் என் வயசில் ஒரு அம்மாள். பேச்சு மார்டள்ளிப் பக்கத்துப் பேச்சு. தட்டில் இருந்த உருண்டையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு ராகியா, குழி ராகி தின்ற வாய்க்கு இது இறங்குமா என்று என்னிடம் சலித்துக்கொண்டார். நான் கூச்சத்தை விட்டு, குழி ராகி என்றால் என்ன என்று கேட்டேன்.

காட்டில் ஆழமாகக் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, ராகியைக் கொட்டி மூடி வைப்பார்களாம். வருஷக் கணக்கில் கிடக்குமாம். பழசாகப் பழசாகத்தான் ருசியாம். குழியைச் சும்மா திறக்கமாட்டார்களாம். திறந்தால் உள்ளே இருக்கிற காற்று ஆளையே அடித்துவிடும், அது போகும்வரை காத்திருந்துதான் இறங்க வேண்டும்.

"பஞ்சம் வந்தாத் தொறப்பாங்க. இல்லீன்னா கண்ணாலங் காச்சின்னாத் தொறப்பாங்க. எங்கூட்டுலயெல்லாம் பொண்ணப் பாத்துப் புடிச்சுப் போச்சுன்னா, குழி தொறந்து பொண்ணூட்டுக்கு ஒரு மூட்டை போவுமுங்க. அதத் தின்னுபோட்டு அவிய வரோணும்."

வராவிட்டால் என்று கேட்டேன்.

"வல்லீன்னா, அவியளுக்குப் புடிக்கலீன்னு அர்த்தமுங்க. அதுக்கு மேல நாம போயி என்னத்தக் கேக்கறது?"

அவருக்கு இன்னும் பாயசம் வேண்டியிருந்தது, எழுந்து போய்விட்டார். எந்த வீட்டுக்காரர், மார்டள்ளியேதானா, இல்லை அதற்குப் பக்கத்து ஊரா, எதையும் நான் கேட்கவில்லை. போய்க் கேட்காத அப்பா அம்மாவின் இரத்தம்தானே எனக்கும் ஓடுகிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டத்தில் காணோம்.

அந்தக் குடும்பத்தில் காத்திருந்தார்கள். இந்தக் குடும்பத்தில் காத்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடுகிற பஸ் தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருவருக்கும் ஏறத் தோன்றவில்லை. நினைத்தால் யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் எல்லோரையும் சேர்த்துத் திட்டுகிறேன், செத்தவர்களைக்கூட.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றும் பிரிட்ஜ் தாளில் எழுதியபடி களிதான். மெல்லாமல் விழுங்கினாள். நல்ல ராகி இல்லை இது என்றாள். எது நல்ல ராகி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகையால் உங்களிடம் கேட்கிறேன். உங்களில் மார்டள்ளிப் பக்கம், ஹனூர்ப் பக்கம் பிறந்தவர்களோ வாழ்க்கைப்பட்டவர்களோ இருப்பீர்கள். குழி திறந்து ராகி அனுப்புவது அந்த நாளில் எல்லா வீட்டு வழக்கமும்தானா, இல்லை அந்த அம்மாள் வீட்டு வழக்கம் மட்டும்தானா? பிடிக்காத இடத்துக்கும் வெறும் மரியாதைக்கு அனுப்புவது உண்டா? நான் அந்த ராகி வாசனையைச் சரியாகச் சொல்லியிருக்கிறேனா என்றும் பாருங்கள். தப்பு இருந்தால் திருத்துங்கள். எது உண்மையோ அதை எனக்குச் சொல்லியனுப்புங்கள். அக்கா இதைப் படித்துவிடுவாளோ என்று பயப்பட வேண்டாம். பிரிட்ஜில் ஒட்டினது கொட்டை எழுத்து, மலரின் பொடி அச்சு எழுத்து அவளுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது என் காதோடு சொன்னால் போதும். போன் மட்டும் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் போனை எடுப்பது அக்காதான்.